வலப்பக்கத்துப் பட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன், கொழிஞ்சாம்பாறையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நஞ்சப்பன் பட்டறையா, வேலை சுத்தம், வாய்தான் ஆகாது என்பார்கள். அந்த வாயால் என் தங்கச்சியை இரண்டு வருஷம் பார்க்க முடியாமல் போனது. அப்புறம் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மயிலாத்தாள் எனக்கு ஒரே தங்கச்சி. எருத்தேன்பதியில் ஆறுச்சாமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். பன்னிரண்டு ஏக்கர், இரண்டு கிணறு, நாலு ஜோடி மாடு. மனுஷர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். எழுபத்து நாலில் மிலிட்டரி ஏலத்தில் வந்த ஜீப் ஒன்றைக் காட்டுவதற்கு என்னைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, தரகர்கள் நாலு பேர் நிற்கும்போதே, "இதை வாங்கறவன் மடையன்" என்று சொன்னேன். அவர் அதற்கு முந்தின நாளே பேசி முடித்திருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

அன்றோடு பேச்சு நின்றது. பொங்கலுக்கு நான் கொண்டுபோன சீர் வாசலோடு திரும்பி வந்தது. கதவுக்குப் பின்னால் மயிலா அழுதது எனக்குக் கேட்டது. எங்கள் அம்மா சாகக் கிடந்தபோது மட்டும் வந்தாள். ஒரு மணி நேரம் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஹாரன் அடித்ததும் எழுந்து போய்விட்டாள். அண்ணன் வீடு, தம்பி வீடு என்று போக வர ஒரு இடம் இல்லாத பெண்ணை எங்கள் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அந்த நிலைமையை உண்டாக்கியவன் நான்.

எழுபத்தாறு மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அதே ஜீப் என் பட்டறை முன்னால் வந்து நின்றது. வலப்பக்கம் பூமியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஆறுச்சாமி இறங்கினார். இந்தப் பக்கத்திலிருந்து மயிலா ஒரு தூக்குப்போசியோடு இறங்கினாள். இளைத்திருந்தாள்.

"ஏனுங்க மச்சான், நல்லா இருக்கறீங்களா?" என்றார் அவர்.

"வாங்க மாப்ளே," என்றேன். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

விஷயத்தை மயிலாதான் சொன்னாள். மலைமேல் மாட்டுப்பட்டி மாட்டுப்பண்ணையில் சீமைக் கிடேரிக் கன்று கேட்டு அபேட்சை மனு போட்டிருந்தார்களாம். வியாழக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டதாம். கன்றைத் தானே பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று இவளும் கிளம்புகிறாள். உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து மறையூர் வழியாக மலை ஏற வேண்டும். "வண்டி குழியில உழுந்தா இடுப்பு ஒடியறாப்புல அடிக்குதுங்ணா. அதான், அண்ணங்கிட்ட காட்டிட்டுப் போலாமுன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார். இந்த ஒரு தலையாட்டலுக்காக அவள் இரண்டு வருஷம் எத்தனை பேசியிருப்பாள்.

அடியில் படுத்தேன். ஜீப்பின் பாரத்தைத் தாங்குவது, அச்சுக்கு மேல் வில் போல வளைந்து அடுக்கடுக்காகக் கிடக்கும் இரும்புப் பட்டைகள்தான். பின்னால் வலப்பக்க அடுக்கில் இரண்டு பட்டைகள் உடைந்திருந்தன. ஓட்டுகிறவர் பக்கம், பெட்ரோல் டேங்கும் அந்தப் பக்கம், அதுதான் முதலில் போகும். ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் ஒழுகிக் காய்ந்திருந்தது. இடப்பக்கப் பட்டைகள் உடையவில்லை, ஆனால் வளைவு போய்ப் படுத்துவிட்டன. மேல்பட்டையின் முனை ஆணியைச் சுற்றி வளைகிற இடத்தில், காது என்போம் அதை, நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்துப் பார்த்தேன். கோடு போகவில்லை.

வெளியே வந்து சொன்னேன். பழைய பட்டைகளைக் கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சி அடித்து வளைக்கலாமா என்று அவர் கேட்டார். அடித்த பட்டை மலை ஏறினால் பத்து நாளில் மறுபடி படுத்துக்கொள்ளும் என்றேன். கோயம்புத்தூரில் கழித்துப்போட்ட வண்டிகளிலிருந்து எடுத்த பட்டை கிடைக்கும், அது எத்தனை மலை ஏறியதோ யாருக்குத் தெரியும் என்றேன். பீர்மேட்டு எஸ்டேட் ஜீப் ஒன்றுக்கென்று பக்கத்துக்கு ஒன்றாகப் புதுப் பட்டை அடுக்கு ஒரு ஜோடியும் ஷாக் அப்சார்பரும் வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக் காட்டினேன். ஆறுச்சாமி விரலால் சுண்டிப் பார்த்தார். மாட்டின் கொம்பைத் தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான்.

"புதுசே போட்டர்லாமுங்க," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனுஷர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

"வலப்பக்கம் மட்டும் போடுங்க," என்றார் அடுத்தபடியாக.

"ரெண்டு பக்கமும் போடோணும் மாப்ளே. இடதும் போன கேசுதான்."

"அது ஒடையலீங்களே."

"ஒடையலை. ஒடையறதுக்குக் காத்திருக்குது. காதுகிட்ட ஒரு கோடு இருக்குது, வந்து பாருங்க."

குனிந்து பார்த்தார். "அழுக்குங்க அது," என்றார். அப்புறம் நிதானமாக, எனக்குப் புரியவைக்கிற தோரணையில் சொன்னார். "மச்சான், புது மாட்டைப் பழக்கறப்ப ரெண்டு புதுசை ஒண்ணாப் பூட்டுவாங்களா? ஒரு பக்கம் பழசு நிக்கோணும். அதோட இழுப்பைப் பாத்துத்தான் புதுசு பழகும். ரெண்டும் புதுசுன்னா ஆளுக்கொரு பக்கம் இழுத்து வண்டியைப் பள்ளத்துல தள்ளிப்போடும். புதுசு பழகட்டும், அப்புறம் பழசைக் கழிச்சுக்கலாம்."

"இது மாடில்லை மாப்ளே, இரும்பு."

"பாரம் தூக்கறது எல்லாம் ஒண்ணுதானுங்க. டயரே நான் ஒண்ணொண்ணாத்தான் மாத்தறேன். ரெண்டு வருசத்துல ஒரு கொறை சொல்லுங்க பாப்போம்."

இதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். எருத்தேன்பதியிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் எந்தக் களத்தில் போய்ச் சொன்னாலும் அவர் சொல்வதுதான் நியாயம் என்பார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் பூட்டினார். எனக்கு மட்டும்தான் தெரியும், புதுப் பட்டை விறைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கும், பாரமெல்லாம் இடப்பக்கம் சரிந்து அந்தக் கோட்டின் மேல் போய் உட்காரும் என்று. சொல்ல வாயைத் திறந்தேன். ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. அடுத்த வார்த்தை என்னவாக வரும் என்று எனக்கும் தெரியும், மயிலாவுக்கும் தெரியும்.

அவள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "அண்ணனுக்குத் தட்டப்பயிறு கொழம்பு கொண்டாந்தேன். நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள அண்ணன் பாத்து வெச்சுருவாங்க," என்று புருஷனை எதிர்க் கடைக்கு அனுப்பினாள். அவர் தெருவைத் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, அவரு சொல்றாப்புலயே போட்டுருங்க. உங்களக் கும்புடறேன். மறுக்கா ஒரு சண்டைன்னா நான் இனி இந்தப் பக்கம் தலை காட்ட முடியாது."

"மயிலா, மலை ரோடு அது."

"மெதுவாத்தானுங்ணா ஓட்டுவாரு."

சரி என்றேன்.

முக்கால் மணி நேர வேலை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, வலப்பக்கத்துப் பழைய அடுக்கை இறக்கிப் புதியதை ஏற்றி, போல்ட்டுகளை முடுக்கினேன். ஷாக் அப்சார்பரும் அந்தப் பக்கம் மட்டும்தான் மாட்டினேன். ஜோடியில் மற்றது காகிதம் பிரிக்காமல் என் காலடியில் கிடந்தது. மயிலா ஒரு டின்னின்மேல் உட்கார்ந்து அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். தங்கச்சிக்காகத்தான் சொன்னபடி போட்டேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. உன் வண்டி, உன் மாடு, எக்கேடு கெட்டாவது போ என்கிற வீம்பு மீதிப் பாதி.

ஜாக்கியை இறக்கியதும் வண்டி இடப்பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்து நின்றது. ஆறுச்சாமி வந்து சுற்றிப் பார்த்தார்.

"கொஞ்சம் சாயுதுங்களே மச்சான்."

"பழகிக்கும் மாப்ளே," என்றேன்.

குத்தலாகத்தான் சொன்னேன். அவருக்கு அது குத்தலாகவே படவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக என் தோளைத் தட்டினார். மயிலா வண்டியில் ஏறி உட்கார்ந்து, "சித்திரை நோம்பிக்கு வந்து நாலு நாள் இருப்பேன், ஆமா" என்றாள். புருஷன் எதிரிலேயே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அந்தக் கோடு கண்ணுக்குள் நிற்கும்போதே சந்தோஷமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. கன்றை ஏற்றிக்கொண்டு திரும்புகிற வழியில், மறையூர் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. மெதுவாகத்தான் வந்திருக்கிறார். இடப்பக்க மேல்பட்டை முறிந்து அச்சு பின்னுக்குப் போயிருக்கிறது. வண்டி அவர் திருப்பிய பக்கம் திரும்பவில்லை, இடது பள்ளத்தில் உருண்டது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கன்றுக்கு ஒரு கீறல் இல்லை, மேலே ஏறி வந்து ரோட்டோரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்ததாம். மயிலா வண்டிக்கு அடியில் கிடந்தாள்.

பிணத்தை எருத்தேன்பதிக்குக் கொண்டுவந்தோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் போர்த்தினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படியை அன்றுதான் தாண்டினேன். ஒப்பாரி வைத்த பெண்கள், அண்ணனும் தங்கச்சியும் ராசியாகிற நேரத்தில் எமன் வந்தானே என்று அழுதார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறையில் விட்டார்கள். முறிந்த முனையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழைய துரு. கால்வாசிதான் வெள்ளை இரும்பு. அந்தக் கால்வாசியில்தான் அவர்கள் மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் ஆறுச்சாமி பஸ்ஸில் வந்தார். கை தூளியில் தொங்கியது. தாடி வளர்ந்திருந்தது. டின்னின்மேல் உட்கார்ந்தார்.

"நீங்க போட்ட பக்கம் தாங்கிருச்சுங்க மச்சான்," என்றார். "பழசுதான் கைவுட்டுருச்சு. நம்ம நேரம்."

நேரமாம். என்னால் பொறுக்க முடியவில்லை. முறிந்த இரும்பை அவர் முன்னால் போட்டேன்.

"நேரமும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டதாலதான் இது முறிஞ்சுது. பாரமெல்லாம் இதும்மேல வந்துது. இந்தத் துருவப் பாருங்க, இதுதான் நீங்க அழுக்குன்னு சொன்னது. அன்னைக்கு ரெண்டு பக்கமும் போட்டிருந்தா மயிலா இருந்திருப்பா. பட்டை மாடில்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஆறுச்சாமி கோபப்படவில்லை. இரும்பை நல்ல கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருவின்மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அதுவரைக்கும் அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை.

"இது முறியும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"நான் டீக்கடையில இருந்தேன். நீங்க ரெண்டையும் போட்டுட்டு, ஒண்ணுதான் போட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு அடியில என்ன தெரியப்போவுது?"

அவர் கட்டை விரல் இன்னும் துருவின்மேலேயே இருந்தது.

"மாட்டைத் தவிர எனக்கு என்னங்க தெரியும்? தெரிஞ்சவரு நீங்க. ஏனுங்க மச்சான், ஏன் போடலை?"

குரலை உயர்த்தவே இல்லை அவர். பதில் தெரிந்தால் போதும் என்பது போலத்தான் கேட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அது எனக்குச் சுலபம். இரும்பை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகிறேன் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.