ஒட்டு வைக்க ஒரு புடவை

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப் பட்டாணியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று என்னுடையது. தோட்டங்களுக்கு உப்பு கொண்டுபோகிறவன் என்று ஒரு சீட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சீட்டுக்காக எத்தனை பேர் முன்னால் எத்தனை தடவை குனிந்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். இடுப்பு இன்னும் மறக்கவில்லை. பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய்தான். வண்டி புறப்பட்டால் செருப்புக் கடை தீப்பிடித்த மாதிரி சடக்கு, அதுதான் ரோடு, முழுக்க நாறும்.

எங்களுக்குத் துணிக்கடை. நான் நடை பழகியதே துணி மேசைகளுக்கு நடுவில்தான். பேரத்தில் இரண்டு காரியங்கள் எனக்கு மூச்சு விடுவது போல வரும். ஒன்று, தேவையை வெளியே காட்ட மாட்டேன். இரண்டு, முதல் விலை சொன்னதும் எழுந்து நடப்பேன். மூன்று கடை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடாத வியாபாரியை நான் பார்த்ததில்லை.

நாற்பத்து மூன்று ஆவணி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாலிங்கிலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த மலாய்க்கார வண்டிக்காரர் என்னைத் தனியே அழைத்து ஒரு தாயத்தைக் கையில் வைத்தார். என் தங்கை நவமணியின் புருஷன் சின்னையாவின் தாயத்து அது. மெர்போக் தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். ஐந்து மாதத்துக்கு முன்னால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து தப்பி, சரக்கு ரயிலில் ஒளிந்தும் காட்டில் நடந்தும் பாலிங் வரை வந்துவிட்டான். அங்கே ஒரு தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ராக்காயி என்ற அம்மாள் அவனை உள்ளே படுக்க வைத்திருந்தார். காலில் முழங்கால் வரை புண், கொதிக்கிற காய்ச்சல். ஞாயிறன்று வண்டி புறப்படும்போது பேச்சு தெளிவாகத்தான் இருந்ததாம். சீக்கிரம் வந்து அழைத்துப் போகும்படி ராக்காயி சொல்லி அனுப்பியிருந்தார்.

மெர்போக் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடம் மருந்து இருந்தது. புண்ணை அறுத்துச் சுத்தம் பண்ணாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை, ஆளைக் கொண்டு வாருங்கள், காப்பாற்றிவிடலாம் என்றார். மாட்டு வண்டியில் போய் வர நாலு நாளாகும். என் வண்டி காலையில் போனால் மாலைக்குள் திரும்பிவிடும்.

ஆனால் வண்டியின் பின் கேரியர் உடைந்திருந்தது. உப்பு மூட்டை சுமந்து சுமந்து, சட்டத்தோடு போல்ட் பூட்டுகிற இடத்தில் இரண்டு கால்களும் வாய் பிளந்துவிட்டன. கம்பியால் இறுக்கிக் கட்டி நவமணியை உட்கார வைத்துப் பார்த்தேன். அன்று அவள் எடை ஒரு மூட்டைகூட இருக்காது. அதற்கே கேரியர் இறங்கி டயரில் உரசியது. எழுந்து நிற்க முடியாத மனிதனை அதில் வைத்துக் கட்டிக்கொண்டு பாலிங் மேடு பள்ளத்தில் எப்படி வருவது? பட்டணத்தில் இரும்பைக் காய்ச்சி ஒட்டு வைக்கிற பட்டறைகளையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது மெர்போக் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் இயந்திர வேலை பார்த்த பக்கிரிசாமி ஒருவன். ஸ்டோர் மூடும்போது ஒரு ஆக்சிஜன் சிலிண்டரையும் கொஞ்சம் கார்பைடையும் விறகுக்கு அடியில் மறைத்து வைத்தவன்.

அன்று மத்தியானமே போனேன். வீட்டுக்குள்ளிருந்து கதவிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் நீண்டு தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போனது. துணி வியாபாரிக்கு அது போதும். அந்த வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை துணி என்று உடனே தெரிந்துவிட்டது.

பக்கிரிசாமி கேரியரைத் தடவிப் பார்த்தான். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டான். உப்பு மூட்டை தேங்கிக் கிடக்கிறது என்றேன்.

"முதலாளி, என் வீட்டுல ரெண்டு பொம்பளைங்க, ஒரு புடவை. ஒருத்தி வெளிய வந்தா இன்னொருத்தி உள்ள இருக்கா. முழுப் புடவை ஒண்ணு குடுங்க. ரெண்டு பக்கமும் ஒட்டு வெச்சுத் தர்றேன்."

துணிக்குப் பஞ்சமான அந்தக் காலத்திலும் என் கடைப் பரணில் ஆறு புடவைகள் இருந்தன.

"உப்பு தூக்குற கம்பிக்கு முழுப் புடவையா? பாதி வாங்கிக்க, பக்கிரி."

"பாதியை யாரு கட்டுறது, முதலாளி?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். நான் வழக்கப்படி எழுந்தேன். கம்பி கட்டியே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். சடக்கு திரும்புகிற இடத்தில் குனிந்து செயினைச் சரிபார்க்கிற மாதிரிக்கூட நின்றேன். அவன் கூப்பிடவில்லை. அவன் வியாபாரி இல்லையே. வேண்டாம் என்று போகிறவனை வேண்டாம் என்றே நினைத்துக்கொண்டான். நானோ, இன்று ஒரு நாள் ஊறட்டும், நாளை அவனாகவே பாதிக்கு இறங்குவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

தப்பி வந்தவன் என்கிற விஷயம் வெளியே தெரியக்கூடாது, அதனால்தான் சின்னையா பெயரைச் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். விலை ஏறிவிடும் என்றுதான் சொல்லவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் நவமணி குளித்துவிட்டு, புருஷன் வந்தால் படுக்கப் பாய் விரித்து, அதன் மேல் போட்ட துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தடவித் தடவிச் சரி செய்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேசத் தெம்பில்லை. முழுப் புடவை ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு மெர்போக்குக்கு விரட்டினேன்.

சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. முந்தின நாள் நான் திரும்பிப் போன அரை மணி நேரத்தில், மரவள்ளி மாவு அரைக்கிற ஆலைக்காரன் ஒருவன் கைவண்டி அச்சு முறிந்து வந்திருக்கிறான். இரண்டு கோதுமைச் சாக்கு கொடுத்தானாம். இரண்டையும் பிரித்துத் தைத்தால் ஒரு பெண்பிள்ளை உடுத்தலாம். பக்கிரிசாமி காற்றைச் செலவழித்துவிட்டான்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே, கழற்றிய கேரியரைத் தரையில் வைத்தான்.

"ஆளுக்குன்னு சொல்லலையே, முதலாளி. உப்பு மூட்டைன்னுல்ல சொன்னீங்க." உடைந்த காலை விரலால் தடவிக்கொண்டே, "சின்னையா கிராணிக்குன்னா நான் துணியா கேட்டிருப்பேன்? என் பொஞ்சாதி மரம் வெட்டிக் கொண்டாந்த பாலை ஒரு நாளும் குறைச்சு எழுதாத மனுசன்" என்றான்.

புடவையை நீட்டினேன். மறுக்கவில்லை. வாங்கிக் கதவிடுக்கில் கொடுத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தான். கார்பைடு டப்பாவில் தண்ணீர் சொட்ட, பூண்டு அழுகின மாதிரி வாடை கிளம்பியது. நீல நாக்கு இரும்பைத் தொட்டது. ஒரு கால் ஒட்டி, அடுத்த காலில் நுனி மட்டும் சிவந்த நேரத்தில் நெருப்பு படபடத்து மஞ்சளாகிவிட்டது. காற்று தீர்ந்தது.

இன்னொரு காலைப் பித்தளை வைத்து உலையில்தான் ஒட்ட வேண்டும், அதற்கு வெங்காரம் வேண்டும் என்றான். நான் பட்டணத்துக்குத் திரும்பி ஓடி, பொற்கொல்லர் வீட்டில் காத்துக் கிடந்து ஒரு சிட்டிகை வெங்காரம் வாங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் தன் பித்தளைத் தம்ளரை வெட்டி வைத்திருந்தான். உருக்கி விட்டு, அப்படியே சாம்பலுக்குள் புதைத்தான். அவசரப்பட்டு எடுத்தால் விட்டுவிடும், காலையில் வாங்க என்றான்.

வியாழன் விடியும்போது கேரியரைப் பூட்டிவிட்டான். மேலே ஏறி நின்று குதித்துக் காட்டினான். அசையவில்லை. பாலிங் போய்ச் சேரும்போது மணி பத்து இருக்கும். வழியில் இரண்டு இடத்தில் சீட்டு காட்டினேன், மூன்று தடவை எண்ணெய் அடைத்துக்கொண்டு வண்டி நின்றது.

லயத்து வாசலில் ராக்காயி கையில் மண் ஒட்டியபடி நின்றிருந்தார்.

"விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாருங்க. ஓடி வந்த ஆளு, வெச்சிருக்கப் பயந்து காட்டோரமா அடக்கம் பண்ணிட்டோம். நேத்து சாயந்தரம் கூட பேசினாரு. மோட்டார் சத்தம் கேட்டா எழுப்பி விடும்மான்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு."

ரப்பர் மரங்களுக்கு ஓரமாகப் புது மண். அதன் மேல் அடையாளத்துக்குப் பால் கோப்பை ஒன்றைக் கவிழ்த்திருந்தார்கள். விழுந்து கும்பிட்டேன். திரும்பி வரும்போது ஒரு கிழவர் கூலிம் சந்திப்பு வரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். நான் நிறுத்தவில்லை. அந்தக் கேரியரில் வேறு ஆளை உட்கார வைக்க அன்று என்னால் ஆகவில்லை.

நவமணி வாசலில் நின்றாள். வண்டி திரும்பும்போதே கேரியர் காலியாக இருப்பது தெரிந்திருக்கும். அழுது ஓய்ந்த பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பண்ணே?"

வாழ்நாள் முழுக்க வாய் கூசாமல் விலை சொன்னவன் நான்.

"திங்கக்கெழம. அமாவாசை அன்னைக்கு. சேதி நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப நீ எவ்வளவு வெரசாப் போயிருந்தாலும் பிரயோசனம் இல்லண்ணே. மனசைப் போட்டு அலட்டிக்காத."

அன்று முதல் ஆவணி அமாவாசை வந்தால் அவள் விரதம் இருந்து திதி கொடுக்கிறாள். இலை போட்டு, அவனுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் வைத்து, பக்கத்தில் என்னையும் உட்கார வைப்பாள். மாப்பிள்ளைக்காக இரண்டு நாள் அலைந்த மைத்துனன் என்று எனக்கு முதலில் பரிமாறுவாள். நான் சாப்பிடுவேன். அமாவாசை போய் மூன்றாம் நாள், அவன் செத்த திருதியையன்று, அந்த வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை. நான் மட்டும் ஏதாவது செய்தால் ஏன் என்று கேட்பாள். அதனால் அன்றும் வழக்கம்போல் கடையைத் திறந்து, துணியை விரித்து, விலை சொல்கிறேன்.