படுத்தால் ஓடும் கணினி

நேற்று கழற்றியது ஒன்பது திருகு. திரும்ப மாட்டும்போது கையில் இருந்தது எட்டு. பழைய டப்பாவில் தேடி ஒன்றைப் போட்டு முறுக்கிவிட்டு, அவன் வாயை மூடிக்கொண்டான்.

கணினி மனைவியுடையது. கட்டியது அவன். "கம்பெனி மெஷின் இல்ல. ஒவ்வொரு திருகும் என் கையால போட்டது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அவள் வீட்டு வரைபடம் போடுகிறவள். பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கையாளருக்கு மாடி வீட்டைத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் தனியாகத் தொழில். கிடைக்காவிட்டால் பழைய முதலாளியே கதி. "அதுவரைக்கும் அதத் தொடாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அவன் தொடவில்லை. நேற்று பெட்டிக்குள் நீல விளக்கு எரியும் விசிறி ஒன்றை மாட்டினான், அவ்வளவுதான்.

இப்போது மணி பத்து. பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. விளக்கு மட்டும் ஒருமுறை அழகாகக் கண் சிமிட்டியது.

மெமரியைக் கழற்றித் துடைத்தான். வயர்களை ஆட்டிப் பார்த்தான். பெட்டியைத் தரையில் படுக்க வைத்து அழுத்தினான். ஓடியது. நிமிர்த்தினான். அணைந்தது.

"நீங்க படுத்தா வீட்டுல ஒரு வேலையும் நடக்காது, மாப்பிள்ள. இது படுத்தாத்தான் நடக்குது" என்றார் மச்சான். மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். தங்கையின் வரைபடத்தைப் பார்க்க வந்தவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்தார்.

"பவர் சப்ளைல ஏதோ கோளாறு, மச்சான்."

"நிமிர்ந்தா மட்டும் பவர் வராதோ?"

"சில மாடல் அப்படித்தான்."

பொய் சொல்லும்போது அவன் குரல் நிபுணரின் குரலாகிவிடும். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"படுக்க வச்சே பேசிடேன்" என்றான்.

வேறு வழியில்லை. அவள் உட்கார்ந்து படத்தைத் திறந்தாள். மாடி வீடு எழும்பியது. இழுப்பறையை மூடினாள். அந்த அதிர்வுக்கே எல்லாம் அணைந்தது. மணி பத்து நாற்பது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பெட்டியருகே குனிந்தாள்.

"உள்ள என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஒரு திருகு குறையுது. உள்ளதான் எங்கயோ விழுந்திருக்கும்."

"லிஃப்ட்ல ஒரு போல்ட்டு குறைஞ்சாலும் நாங்க ஆள ஏத்த மாட்டோம்" என்றார் மச்சான்.

"அதனாலதான் நான் வெளிய சொல்லல."

அவள் வயர்களையெல்லாம் உருவினாள். அண்ணனும் தங்கையுமாகப் பெட்டியைக் கவிழ்த்து, டப்பாவின் அடியைத் தட்டுவதுபோல் குலுக்கினார்கள். மதர்போர்டுக்குப் பின்னால் உரசி ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்த ஒரு திருகு உருண்டு வந்து தரையில் விழுந்தது. அவன் மூச்சு விட்டான்.

அவள் இன்னொரு முறை குலுக்கினாள். இன்னொன்றும் விழுந்தது. தூசி படிந்து கறுத்திருந்தது.

பெட்டியை நிமிர்த்தி வயர்களைச் செருகினாள். நின்றபடியே ஓடியது. இரண்டு திருகையும் மேசையில் வைத்தாள்.

"இது நேத்து விழுந்தது. அது?"

"அது கம்பெனிக்காரன்..."

"எந்தக் கம்பெனி?"

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் திரையில் வந்தார். மாடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் அணையவில்லை. கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "கட்டும்போது மேற்பார்வை யாரு?"

"நானேதாங்க. எங்க வீட்டு ஆள்கூட கைய வைக்க முடியாது."

அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது.