அழுகைக் காட்சி

அந்தத் தீவில் யாரையும் முகத்துக்கு நேரே பார்த்துச் சிரித்துவிட முடியாது. எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். இன்றைக்குச் சிரித்தால் நாளைக்கு அதே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே படகில் அக்கரைக்குப் போக வேண்டும். அதனால் சிரிப்பு வந்தால் துண்டாலோ புடவைத் தலைப்பாலோ முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிடுவார்கள். சத்தம் அவ்வளவாக வெளியே வராது, தோள்தான் குலுங்கும். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரியின் அத்தான், அதாவது அவள் அக்கா புருஷன், ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வாயில்லாப் பூச்சி. கலை மன்றம் முதன்முதலில் போட்ட நாடகத்தில், மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த அப்பா வேஷம் அவருக்கு. அழ வேண்டிய இடம் வந்தது. முதலில் ஒரு விக்கல். பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு, கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிற தண்ணீர் மோட்டார் மாதிரி தொண்டைக்குள் ஒரு திக்கல். பிறகு கையை ஓங்கித் தன் தொடையிலேயே பளார் பளார் என்று நாலு அடி. அதோடு மோட்டார் கிளம்பிவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார்கள். மேடை விளக்கு கண்ணில் அடிக்க, அத்தானுக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்த தலைகளும் குலுங்கும் தோள்களும்தான்.

"ஊரே அழுதுச்சுடி," என்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னார். சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்த அக்கா, "ஆமாங்க," என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அன்றைக்கு அக்கரையிலிருந்து கலாசாரத் துறை அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் விம்மல் மாதிரி கேட்கவே, திரும்பிப் பார்த்தார். அவரும் ஏமாந்தார். மேடையேறி, "இவ்வளவு ஈர நெஞ்சுள்ள மக்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை," என்று தழுதழுத்தார். அதற்கும் ஊர் ஒருமுறை குனிந்து எழுந்தது.

அந்த ஈர நெஞ்சுக்காகத்தான் பழைய மீன் கிடங்கை மன்றத்துக்கு ஹாலாகக் கொடுத்தது துறை. ஒரே நிபந்தனை. வருஷா வருஷம் நாடகத்தன்று அதிகாரி வந்து பார்ப்பார், ஹால் நிறைந்திருக்க வேண்டும். நிறையாவிட்டால் பூட்டு, மறுபடி மீன்தான். மருந்துக்கடைக்காரிக்கு அந்த ஹால் என்றால் உயிர். மன்றத்தின் செயலாளர் அவள். காலையில் இருமல் மருந்து விற்றுவிட்டு மாலையில் போய் அவள்தான் கதவு திறப்பாள். பாட்டு வகுப்பு, படம் வரைகிற வகுப்பு, ஒரு சின்ன நூலகம் எல்லாம் அங்கேதான். அது இல்லாவிட்டால் சாயங்காலத்துக்கு மேல் அந்தத் தீவில் செய்வதற்கு இரண்டே வேலைதான் இருந்தது, குடிப்பதும் குடித்தவனைத் தேடுவதும்.

ஆக, ஹால் நிறைய வேண்டும். அத்தான் அழுதால் ஹால் நிறையும். நாடகம் எழுதுவதும் அவள்தான், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பதும் அவள்தான். ஒரு வருஷம் அத்தானுக்கு மகன் செத்தான், மறு வருஷம் தம்பி செத்தான், அதற்கடுத்த வருஷம் ஒரே நாடகத்தில் இரண்டு பேர் செத்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. பாதியில் வசனம் மறந்துபோனால் அத்தான் திரைப் பக்கம் லேசாகத் தலையைச் சாய்ப்பார். அவள் என்ன எடுத்துக்கொடுத்தாலும் அப்படியே வாங்கிச் சொல்லிவிடுவார். அவ்வளவு நம்பிக்கை.

அக்கா அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு நாடகத்துக்கு வரவே இல்லை. அன்றைக்கென்று பார்த்து அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

பிறகு அவளுக்கு நிஜமான வியாதியே வந்தது. படுக்கையோடு படுக்கையானபோது தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை விட்டுடுடி. என் காலத்துக்கப்புறம் அவருக்கு யாரு இருக்கா? ஒரு நாள் அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

"நான் இருக்கேன்ல அக்கா."

"நீதானே அழ வைக்கிற. உன்னைத்தான் கேக்குறேன்."

"சரிக்கா. இனிமே அவருக்கு அழுகை எழுத மாட்டேன். சத்தியம்."

அக்கா போய்ச் சேர்ந்தாள். வீட்டில் அத்தனை பேருக்கு உட்கார இடம் ஏது? ஹாலிலிருந்து நாற்காலிகள் வந்தன. முதுகில் 'கலை மன்றம்' என்று எழுதிய அதே நீல நாற்காலிகள். யார் போட்டார்களோ, பழக்கதோஷத்தில் வரிசை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். ஊரும் வழக்கமான இடங்களிலேயே போய் உட்கார்ந்தது. முன்வரிசை நடுவில் மன்றத் தலைவர், படகு முதலாளி.

உள்ளறையிலிருந்து அத்தான் வந்தார். அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். முதலில் ஒரு விக்கல் வந்தது.

அடுத்து என்ன வரும் என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும். கடவுளே, வேண்டாம் என்று நினைத்தாள். கழுத்து நீண்டது. தொண்டை திக்கியது. கை ஓங்கித் தொடையில் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் ஒரு நாளும் நடித்ததில்லை. அவருக்கு அழத் தெரிந்த விதமே இதுதான். அதைத்தான் வருஷா வருஷம் மேடையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

மோட்டார் கிளம்பியது. முன்வரிசை குனிந்தது. பின்வரிசையும் குனிந்தது. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை, செத்த வீட்டில் சிரிக்க யாருக்கு ஆசை? ஆனால் அடக்க அடக்கத்தான் அது பொங்கும். துண்டுகளும் தலைப்புகளும் முகத்துக்குப் போயின. தோள்கள் குலுங்கின.

அத்தான் தலையைத் தூக்கினார். கண்ணில் அடிக்க இங்கே மேடை விளக்கு இல்லை. ஜன்னல் திறந்திருந்தது, காலை வெயில் எல்லார் மேலும் விழுந்துகொண்டிருந்தது. படகு முதலாளியின் துண்டு நழுவி விழுந்து, அவருடைய பல் அத்தனையும் தெரிந்தது.

அத்தான் மெல்லத் திரும்பி மைத்துனியைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் வாயில் தலைப்பைத் திணித்து வைத்திருந்தாள். அவள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஓங்கின கை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவர் அழவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை, திரும்பி வந்து வெறும் வீட்டைத் திறந்தபோதும் அழவில்லை.

மழைக்காலம் முடிந்தது. அதிகாரி வரும் நாள் நெருங்கியது. படகு முதலாளி மருந்துக்கடைக்கு வந்து நின்றார்.

"உங்க அத்தான் இல்லாம எவன் வருவான்? ஹாலை மறந்துடு. போய்க் கூப்பிடும்மா."

அவள் ஐஸ் கம்பெனிக்குப் போனாள். அத்தான் ஈரத் தரையில் நின்று, இரும்புக் கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

என்ன எப்போதிலிருந்து என்று அவளும் கேட்கவில்லை. "முதல் நாடகத்துலேர்ந்து, அத்தான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அக்காவுக்குத் தெரியாது."

கட்டியை அதன் இடத்தில் தள்ளிவிட்டு அவர் நிமிர்ந்தார். "நான் அழறதைப் பாக்கத் தாங்காமத்தான் அவ வரலைன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "பொய் சொல்லாதே. உனக்கு அது வரலை."

அவள் தலை குனிந்தாள். ஹாலைப் பூட்டிவிடுவார்கள் என்றாள். பாட்டு வகுப்பு நின்றுபோகும் என்றாள். இந்த ஒரு தடவை மட்டும் என்றாள். அவர் கொக்கியைச் சுவரில் மாட்டினார்.

"வர்றேன். ஆனா அழ மாட்டேன்."

"வேண்டாம் அத்தான். ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

சொன்னபடியே எழுதினாள். ரிட்டயரான ஒரு படகோட்டி, பழைய படகை விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கதை. யாரும் சாகவில்லை. ஒத்திகையில் அத்தான் நிதானமாக, அழகாகச் செய்தார். ஒரு சொல் பிசகவில்லை. இவ்வளவு நாள் இந்த மனுஷனை வீணாக்கிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

நாடகத்தன்று ஹால் பிதுங்கியது. ஊர் துண்டும் தலைப்புமாகத் தயாராக வந்திருந்தது. முன்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் படகு முதலாளி. அத்தான் மேடைக்கு வந்தார், பேசினார். ஊர் காத்திருந்தது. இன்னும் பேசினார். ஊர் இன்னும் காத்திருந்தது. பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் பீடி குடிக்க வெளியே போனார்கள். அவர்கள் பின்னால் நாலு பேர் போனார்கள். குழந்தை அழுகிறது என்று ஒருத்தி எழுந்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிகளின் முதுகில் 'கலை மன்றம்' என்று தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

படகு முதலாளி திரையைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். "அழுங்க மாமா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "சும்மா ஒரு தடவை அழுங்க!"

அத்தானுக்கு வசனம் மறந்துபோனது. ஒத்திகையில் ஒரு நாளும் மறக்காதவர், அந்தக் குரல் கேட்டதும் நின்றுவிட்டார். பழைய பழக்கத்தில் திரைப் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

மருந்துக்கடைக்காரியின் மடியில் காகிதம் விரிந்திருந்தது. 'படகை விற்கலை, போய்யா' என்பது அடுத்த வசனம். அவள் விரல் அதன் மேல்தான் இருந்தது. வெளியே போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டு விழுகிற சத்தமும் அவளுக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

"அக்கா செத்துட்டா, அத்தான்," என்று எடுத்துக்கொடுத்தாள்.

அவர் காதில் விழுந்தது. எப்போதும்போல வாங்கிச் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. முதலில் ஒரு விக்கல் வந்தது. வீட்டில் பாதியில் நின்றுபோனது, இத்தனை மாதமாக உள்ளேயே கிடந்தது, எல்லாம் சேர்ந்து வந்தது. கழுத்து நீண்டது. கை ஓங்கியது. தன்னைத்தானே அடித்துக்கொண்டு, அக்காவின் செல்லப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதறினார். அந்தப் பெயர் நாடகத்தில் இல்லை.

வெளியே போனவர்கள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஓடிவந்தார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். ஹால் முழுக்கக் குனிந்தது, ஹால் முழுக்கக் குலுங்கியது. அதிகாரி பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரிக்கு அந்த நிமிஷம் வெட்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அத்தான் அழுதுகொண்டே திரைப் பக்கம் திரும்பி, போதுமா என்பது போல அவளைப் பார்த்தார். தான் எடுத்துக்கொடுத்த அந்த ஒரு வரியை அவள் மடியிலிருந்த காகிதத்தில் ஓரமாகக் குறித்துக்கொண்டாள், அடுத்த வருஷத்துக்கு.