சோர்க்கோவை சோர்க்கோ தேடிய மூன்று நாள்

என் தம்பி சோர்க்கோ இருபத்தாறு வருடமாக ஷூவில் பீர் குடித்ததில்லை. சோச்சா ஆற்றுக்கு வருகிற செக் நாட்டுக்காரன், ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவனுக்கு அவனே சொல்லிவிடுவான்.

எங்கள் கரையில் வழக்கம் அப்படி. காயாக், அதாவது ஒற்றையாள் துடுப்புப் படகு, கவிழ்ந்தால் தப்பில்லை, துடுப்பை வீசி உருண்டு நிமிர்ந்து கொள்ளலாம். நிமிர முடியாமல் படகை விட்டு வெளியே வந்து நீந்தியவன், அன்று சாயங்காலம் என் கடையில் எல்லோர் முன்னாலும் ஈர ஷூவைக் கழற்றி என்னிடம் நீட்ட வேண்டும். நான் அதில் பீர் ஊற்றுவேன். மேசையைத் தட்டிக் கத்துவார்கள். ஒரே மூச்சில் குடித்தாக வேண்டும், மணலோடும் கால் நாற்றத்தோடும். டாக்டர், வக்கீல், பாதிரியார் எவனுக்கும் விலக்கில்லை.

என் புருஷன் பொஷ்ட்யான் பதினொரு தடவை குடித்திருக்கிறான். ஆள் கொத்தனார், கை பெரிது, மனசு சாது, துடுப்பு சுமார்தான். ஒவ்வொரு தடவையும் சோர்க்கோ மேசை மேல் ஏறி நின்று எண்ணிக்கையை அறிவிப்பான்.

"மச்சான், அடுத்தது பன்னிரண்டு. ஒரு டஜன் ஆகிட்டா அக்கா உனக்கு கிளாஸே வைக்க மாட்டா, நேரா ஷூதான்."

"ஊத்தறது என் பொண்டாட்டி, குடிக்கிறது நான். உனக்கு என்னடா நோகுது?" என்பான் பொஷ்ட்யான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அவனுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

போன செப்டம்பர். மழையில்லாமல் ஆறு வற்றிக் கிடந்தது. தண்ணீர் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். டர்னோவோ கிராமத்துக்கு மேலே இருக்கிற பாறைக்கட்டில் அது நேர்மாறு. வீட்டளவு பெரிதாகக் கிடக்கிற பாறைகளுக்கு அடியில் சந்துகள் திறந்துகொள்ளும். தண்ணீர் உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், ஆள் போக மாட்டான். அந்த மாதத்தில் அங்கே தனியாகப் போகாதே என்று பாடம் எடுப்பவன் சோர்க்கோதான்.

அன்று நாலு மணிக்கு, சமையலறைப் பின்வாசல் வழியாக வந்தான். தலை சொட்டச் சொட்ட ஈரம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால்.

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"நீந்தினியாடா?"

"அக்கா, சத்தம் போடாத."

"ஐயோ, என் சாமி! நீந்திட்டான்! யானைக்கும் அடி சறுக்குமாம், பாத்துக்கோ!" பொய் சொல்வானேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருபத்தாறு வருடப் பீற்றலுக்கு இன்று ராத்திரி கணக்கு முடிகிறது என்று வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. பேரிக்காய்ச் சாராயத்தைத் தானே எடுத்து ஊற்றிக்கொண்டான்.  காலையில் ஊருக்குக் கிளம்பிய செக்காரன் ஒருவனிடம் பழைய ஆரஞ்சு நிறப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறான். சும்மா ஓட்டிப் பார்க்கத் தனியாக இறங்கியிருக்கிறான். பாறைக்கட்டில் படகு மூக்கைச் சந்தில் விட்டு மாட்டிக்கொண்டது. எப்படியோ வெளியே வந்து, காட்டு வழியாக நடந்து வந்துவிட்டான்.

"படகு?"

"அங்கயேதான் மாட்டிக்கிட்டு நிக்குது. விடிஞ்சதும் கயிறு போட்டு எடுத்துடறேன்."

"ஸ்டேஷனுக்குச் சொன்னியா?"

"சொல்றேன், சொல்றேன்."

படகை ஆற்றில் விட்டுவிட்டு வந்தவன் முதல் வேலையாகத் தீயணைப்பு ஸ்டேஷனுக்கு போன் போட்டு, அந்தப் படகு என்னுடையது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். படகின் உள்பக்கம் பெயரும் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். அந்தப் படகில் செக்காரன் எழுதியதும் இல்லை, இவன் எழுதியதும் இல்லை. ஸ்டேஷனில் போன் எடுப்பவள் ஃபனி. அவள் காதில் போட்டால் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி.

"அக்கா, இந்த ஒரு நாள் வாய மூடிக்கோ. நானே ஒரு நாள் எல்லாருக்கும் சொல்றேன். கடை நிறைய ஆளிருக்கு, அதுல பாதி என்கிட்ட கத்துக்கிட்டவங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்றிருந்தது. சரி, தொலை என்றேன்.

ஐந்தேகாலுக்கு சைரன் ஊதியது. தொங்குபாலத்தில் நடந்து போன யாரோ, பாறையிடுக்கில் ஆரஞ்சுப் படகைப் பார்த்து போன் செய்திருக்கிறார்கள். பொஷ்ட்யான் தீயணைப்புக் குழுவில் தன்னார்வலன், ஆற்று மீட்பில் பழகியவன். அப்போதுதான் வேலை முடிந்து வந்து கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினான். "சாப்பாட்டை எடுத்து வை" என்று மட்டும் சொன்னான்.

நான் சமையலறைக்குள் வந்தேன். சோர்க்கோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் உலர்ந்த செருப்பைப் போட்டிருந்தான்.

"போன் பண்ணுடா."

"ரெண்டு நிமிஷம் இரு. அவங்க போய்ப் பாப்பாங்க, காலியா இருக்கும், திரும்பி வந்துடுவாங்க."

அப்படித் திரும்பி வர மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாட்டிய படகைப் பார்த்தால் அதற்கு அடியில் ஆள் இருக்கிறானா என்று ஒருத்தன் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கித் தடவிப் பார்ப்பான். போன் என் ஏப்ரனில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. கடையில் நாற்பது பேர் உருளைக்கிழங்கு வறுவலான ஃப்ரிக்காவுக்குக் காத்திருந்தார்கள். நான் போய்ச் சட்டியில் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டேன். இதற்கு மேல் எனக்கு நியாயம் சொல்லத் தெரியவில்லை.

ஆறு மணிக்குச் செய்தி வந்தது. இறங்கியது பொஷ்ட்யான்தான். படகுக்கு அடியில் போனவன் வரவில்லை. கயிற்றை இழுத்திருக்கிறார்கள், இழுபடவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தபோது மூச்சில்லை. நெஞ்சை அமுக்கி மூச்சை வரவழைத்து ஹெலிகாப்டரில் கொண்டு போனார்கள். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள ஆள் இருக்கு. கையைப் பிடிச்சேன்."

அவ்வளவுதான். அன்று ராத்திரியே விளக்குப் போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். மறுநாள் போலீஸ், முக்குளிப்பவர்கள், மோப்ப நாய் எல்லாம் வந்து இறங்கின. ஆரஞ்சுப் படகுக்காரன் யார் என்று ஒவ்வொரு கூடாரமாகக் கேட்டார்கள். ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். மீட்புக்கு ஆள் போதவில்லை. பாறைக்கட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்றார்கள்.

அதை சோர்க்கோவைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? போனான்.

மூன்று நாள். விடிந்ததும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, நீளக் கழியோடு பாறை பாறையாகக் குத்திப் பார்த்தான். தன் பிணத்தைத் தானே தேடினான். கடமைக்குச் செய்யவில்லை, அதுதான் வேடிக்கை. மற்றவர்கள் ரொட்டி தின்ன உட்கார்ந்தபோதும் இவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். மச்சான் மேல் என்ன பாசம் பார் என்று ஊரே மெச்சியது.

இரண்டாம் நாள் ஒரு ஷூ கிடைத்தது. போலீஸ்காரர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் கடைக்குக் கொண்டு வந்தார். இந்த ஊர் ஷூ எல்லாம் என் கையில் ஏறி இறங்கியவை என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அடையாளம் தெரியுதாம்மா? நாற்பத்தி நாலாம் நம்பர்."

அது மட்டும் என் கையில் ஏறியதில்லை. ஆனால் தெரிந்தது. அதற்குள் போலீஸ்காரரோடு வந்திருந்த சோர்க்கோ பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம ஊர்க்காரனோடது இல்ல சார்" என்றான். தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு நான் கிளாஸ் துடைக்கப் போனேன். ஆள் மூழ்கியது உறுதி என்று அன்றே எழுதிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சோறு மேல் சோறாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

சாயங்காலங்களில் நான் கீழே சமவெளி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொஷ்ட்யானுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது, நுரையீரலில் நீர். ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆனால் அவன் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. வலது கையை மட்டும் போர்வைக்கு வெளியே வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"கிடைச்சானா?"

"இன்னும் இல்ல."

"வழவழன்னு இருந்துச்சு, மிலோய்க்கா. அஞ்சு விரலும் தெரிஞ்சுது. கயித்தை இழுக்கறாங்க, நான் விடல. அதனாலதான் அவ்வளவு நேரம் ஆச்சு. கடைசியில பிடி நழுவிடுச்சு."

"யாரும் இருந்திருக்க மாட்டாங்க."

"நீ பாத்தியா? நான்தான் பிடிச்சிருந்தேன். நான்தான் விட்டுட்டேன். அவனோட அம்மா எங்கயோ போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கி ஓடியது. அந்தப் பெரிய முகத்தில் அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஸ்பூனால் சூப்பை எடுத்து வாயருகே கொண்டு போனேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனேன். சோர்க்கோ தனியாக ஒரு பாறை மேல் குந்தியிருந்தான். முகம் பாதியாகிவிட்டது.

"என்னடா, உன்னைக் கண்டுபிடிச்சியா?" என்றேன்.

"அக்கா, மெதுவாப் பேசு."

"மச்சான் ஒரு கையைப் பிடிச்சேன்னு சாகறான். என்னடா இருக்கு அந்தச் சந்துல?"

கழியைக் கீழே வைத்தான். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வேர். கரைக் காட்டு பீச் மரத்து வேர், பட்டை போயி வழவழன்னு இருக்கும். அதைப் பிடிச்சுத்தான் நான் வெளிய வந்தேன்."

"இதை நீ அவன்கிட்ட வந்து சொல்லு. இப்பவே கிளம்பு."

"இப்ப எப்படி அக்கா? போலீஸ் இருக்கு, ஹெலிகாப்டர் வந்திருக்கு. ஷூ விஷயத்துல பொய் வேற சொல்லியாச்சு. நாளையோட தேடறதை நிறுத்தறாங்களாம். அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்க."

"பொஷ்ட்யான் மறப்பானா?"

அவன் கழியை எடுத்து மறுபடி தண்ணீரில் விட்டான். ஷூவில் பீர் குடிக்க வெட்கப்பட்டவன், இப்போது ஜெயிலுக்குப் பயந்தான். எனக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை? "நீ வராட்டி நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன். பின்னால் வருவான் என்று வண்டியில் பத்து நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"பொஷ்ட்யான், அந்தச் சந்துல யாருமே இல்ல. படகு சோர்க்கோவோடது. அவன் நீந்திக் கரையேறி, நாலு மணிக்கே நம்ம சமையலறைக்கு வந்துட்டான். நீ பிடிச்சது பீச் வேர். அவனும் அதைத்தான் பிடிச்சான்."

என் முகத்தையே பார்த்தான்.

"யாரும் சாகலையா?"

"யாரும் சாகல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. விலா வலிக்க வலிக்கச் சிரித்தான். "நாசமாப் போறவன்! வேரைப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றான். பிறகு சூப்பை எடு என்றான். தானே ஸ்பூனை வாங்கிக் குடித்தான். ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றான். பக்கத்துக் கட்டில்காரருடைய ஆப்பிளையும் கேட்டு வாங்கித் தின்றான். அவன் தின்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா, இதையா மூன்று நாள் விழுங்கி வைத்திருந்தோம் என்று தோன்றியது.

ஆப்பிளின் நடுத்தண்டைத் தட்டில் வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு மணின்னியா?"

"ஆமா."

"சைரன் அஞ்சேகாலுக்கு."

காலி சூப்புக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் கிளம்பும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் மூணு நாள் இங்க உக்காந்து எனக்கு சூப்பு ஊட்டின."

"ஆமா" என்றேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். தலைமாட்டிலிருந்த மணியை அமுக்கினான். நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதா என்று அவளிடம் கேட்டான்.

அவள் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் சிரித்தாள். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. நீங்க உக்காந்து நிம்மதியாப் பேசுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.