வியாழக்கிழமைச் சப்பாத்து

ருக்மணி தன் அம்மாவிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். அந்த ஒன்று பின்னால் வந்து அவள் காலையே சுற்றிக்கொண்டது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் மலாக்காவில் புதிதாக ஒரு கல்லூரி திறந்தார்கள். காஜா பேராங் வட்டாரத்திலிருந்து அதில் இடம் கிடைத்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி ருக்மணி. இன்னொருத்தி, பக்கத்துச் சந்தில் பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி வீட்டுப் பெண் கோகிலா. கோகிலாவுக்குப் பெயர் தமிழ், கும்பிடும் சாமியும் தமிழ்ச் சாமி, வாயைத் திறந்தால் மட்டும் மலாய். ருக்மணியும் அவளும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

முதல் வருஷ கெமிஸ்திரியில் தேறினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குப் பயிற்சி உண்டு. ருக்மணி அதைத்தான் குறி வைத்திருந்தாள். ஆனால் அம்மா நாகம்மாவின் காதில் யாரோ ஆசிட் கதையைப் போட்டுவிட்டார்கள். முகத்தில் தெறித்தால் என்ன ஆவது, பிறகு எவன் கட்டுவான் என்று நாகம்மா ஒரே பிடியாக நின்றாள். முனிசிபல் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்த அப்பா ஏகாம்பரம், அம்மா ஒப்புக்கொண்டால் தனக்கும் சம்மதம் என்று கழன்றுகொண்டார்.

முதல் நாள் விரிவுரையாளர் கருணாகரன், மாணவர்களை ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்து விதிகளைச் சொன்னார். அன்று மாலை ருக்மணி அவற்றை அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் ஒப்பித்தாள்.

"தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு உள்ள போகக் கூடாதும்மா. பின்னிக் கட்டணும். சார் வந்து கதவைத் திறக்காம யாரும் நுழையக் கூடாது. உள்ள எதையும் திங்கக் கூடாது, குடிக்கக் கூடாது. எந்தப் பண்டத்தையும் ருசி பார்க்கக் கூடாது, நேரா மோந்து பார்க்கவும் கூடாது. நெருப்பை ஏத்திட்டு முதுகு காட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. வெட்டிப் பேச்சு பேசக் கூடாது."

நாகம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கோயில் மடைப்பள்ளியில் படையல் சமைக்கிறவர்கள்கூட இத்தனை சுத்தம் பார்ப்பதில்லையே என்றாள். சாமிக்கு ஆக்குவதை ருசி பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். கெமிஸ்திரிக்கும் அப்படியா? ருக்மணி அப்படித்தான் என்று தலையாட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டலில் ஆய்வுக்கூடக் கதவு திறந்துவிட்டது. அந்த வேகத்தில், கால் மூடிய சப்பாத்து போடாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கருணாகரன் சொன்ன விதியை ருக்மணி விழுங்கிவிட்டாள். படையல் சமைக்கிற இடத்தில் சப்பாத்துக்கு என்ன வேலை?

கோகிலாவிடம் பழைய கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி இருந்தது. ருக்மணி வீட்டிலிருந்து செருப்போடு கிளம்புவாள், கோகிலா வீட்டு வாசலில் மாற்றிக்கொள்வாள், வரும்போது திரும்ப மாற்றிக்கொள்வாள். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆய்வுக்கூட வகுப்பு வியாழக்கிழமை. நாகம்மா வியாழக்கிழமை மீன் வாங்குவதை நிறுத்திவிட்டாள். விடியற்காலையில் ருக்மணியைத் தலைக்குக் குளிக்க வைத்து, நெற்றி நிறைய விபூதி பூசி அனுப்பினாள். ஒரு வியாழக்கிழமை அந்த விபூதி ஆசிட் குடுவைக்குள் உதிர்ந்து நுரைத்துப் பொங்கியது. கருணாகரன் குடுவையைப் பார்த்தார், ருக்மணியின் நெற்றியைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

வீட்டில் ஏகாம்பரம் தட்டில் கத்தரிக்காயைத் தள்ளிக்கொண்டே கேட்டார்:

"செவ்வாக்கிழமை முருகனுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. இந்த வியாழன் யாருக்கு?"

"உங்க மகளோட கெமிஸ்திரிக்கு," என்றாள் நாகம்மா. அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை ருக்மணி வீட்டுக்குத் தூரமானாள். நாகம்மா பாயை எடுத்துப் பின்கட்டு அறையில் போட்டாள். பேனாவும் புத்தகமும் தேடிக்கொண்டிருந்த மகளை ஏற இறங்கப் பார்த்து, இன்றைக்கு எங்கே கிளம்பினாய் என்று கேட்டாள். அவ்வளவு நியமம் உள்ள இடத்துக்குத் தீட்டோடு போகலாமா? போகலாம் என்றால் ருக்மணி சொன்ன கதை உடையும். போகக் கூடாது என்றால் வகுப்பு போகும். அவள் தேடுவதை விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

மறுவாரம் கருணாகரனிடம் காய்ச்சல் என்றாள். அவர் கோபிக்கவில்லை. இன்னொரு முறை செய்முறை வகுப்புக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன், இது எல்லோருக்கும் உள்ள விதி என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை வாரம் தவறாமல் வருகிறது. அந்த நாட்களும் நாலு வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வருகின்றன. ருக்மணி கணக்கில் கெட்டிக்காரிதான். ஆனாலும் அடுத்ததும் வியாழக்கிழமையே வந்து நிற்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

அன்று காலை அவள் முதன்முறையாக வாதாடினாள். அங்கே தீட்டெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றாள். நீதானே அன்றைக்கு அப்படி இப்படி என்று சொன்னாய் என்றாள் நாகம்மா. இன்றைக்குப் போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றாள் ருக்மணி. மகளின் படிப்பு போவதில் நாகம்மாவுக்கும் விருப்பமில்லை. அந்த சாரிடம் தானே நேரில் போய், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்பதாக முடிவு செய்தாள். என்ன காரணம் சொல்வாய் என்று ருக்மணி கேட்டதற்கு, ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும் என்றாள். முகத்தைப் பார்த்தால் உண்மையில் தெரிந்த மாதிரி இல்லை.

இருவரும் நடந்தார்கள். அம்மா முன்னே, மகள் நாலடி பின்னே. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் நாகம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ருக்மணி எதிர்ப்பக்கம் மசூதிச் சுவர் நிழலில் நின்றாள். அம்மாவின் செருப்பு இரண்டும் வாசற்படிக்குக் கீழே ஒழுங்காகச் சேர்ந்து கிடந்தன. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. ஆய்வுக்கூட வாசலிலும் அம்மா அதையேதான் செய்வாள்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆற்றுப் பாலம் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பாலம் தாண்டியதும் கல்லூரி வந்துவிட்டது.

வகுப்பு தொடங்க இன்னும் மணி அடிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. ருக்மணி முற்றத்து மாமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். நாகம்மா வாசலில் செருப்பைக் கழற்றினாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், கையைக் கூப்பி வலது காலை உள்ளே வைத்தாள்.

கருணாகரன் பதறிப்போய் கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. வெறுங்காலோட இங்க வரக் கூடாது."

நாகம்மா காலைப் பின்னுக்கு இழுத்தாள். அவரைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். கறுப்புத் தோல் சப்பாத்து. மேசைகளுக்கு அடியில் வரிசையாகப் பார்த்தாள்; எல்லாக் காலிலும் சப்பாத்து. மேசை மேல் பார்வை போனது. தட்டுத் தட்டாக முட்டை ஓடு.

"இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே," என்றாள்.

"ஆமாம்மா," என்றார் கருணாகரன். "ஓடு மட்டும்தான். ஆசிட்ல கரையுதான்னு பார்க்கிறோம். யாரும் திங்க மாட்டாங்க."

முட்டைக்காக யாரோ புகார் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. முட்டைகளைத் தன் காசில்தான் வாங்கியதாகவும் சொன்னார். நாகம்மாவுக்கு அது எதுவும் ஏறவில்லை. யாரெல்லாம் உள்ளே வரக் கூடாது என்று மெதுவாகக் கேட்டாள். சப்பாத்து இல்லாதவர்கள், தலை கட்டாதவர்கள், அவ்வளவுதான் என்றார் அவர். வேறு ஒன்றும் இல்லையா என்று மறுபடியும் கேட்டாள். வேறு ஒன்றும் இல்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து கோகிலா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் ருக்மணியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. பையிலிருந்து கான்வாஸ் சப்பாத்தை எடுத்துக்கொண்டு நாகம்மாவைத் தாண்டி ஓடி வந்தாள். வரும் வழியில் நாகம்மாவுக்கு மரியாதையாகக் குனிந்து, இது ருக்மணியின் சப்பாத்து, காலையில் அவள் வராததால் தானே கொண்டுவந்தேன் என்று மலாயில் விளக்கமும் சொன்னாள். சந்தையில் காய்கறி வாங்கிப் பேசிப் பழகிய நாகம்மாவுக்கு அந்த மலாய் நன்றாகவே புரிந்தது.

நாகம்மா செருப்பை மாட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். அறை விழும் என்று ருக்மணி எதிர்பார்த்தாள். விழவில்லை.

"எத்தனை நாளா இந்தச் சப்பாத்து?"

"முதல் நாள்லேருந்தும்மா."

"செருப்புக் காலோட போற இடத்துக்கு எதுக்குடி தீட்டு?" நாகம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "உங்கப்பாவை எத்தனை வியாழக்கிழமை கத்தரிக்காய் திங்க வச்சேன்."

ருக்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்தது. கருணாகரன் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினார்.

"கட்டு," என்றாள் நாகம்மா, சப்பாத்துக் கயிற்றைக் காட்டி. "ஓடு."

அவள் ஓடினாள். முட்டை ஓடு ஆசிட்டில் கரைந்ததா, எவ்வளவு நேரத்தில் கரைந்தது, ஒன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை. ஆனால் வந்தவர்களின் பெயரைக் கருணாகரன் கூப்பிட்டபோது அவள் பெயரும் இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே மீன் குழம்பு மணத்தது. உள்ளே ஏகாம்பரம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வருவதற்குள் இரண்டாவது துண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு வாளி தண்ணீர் நிரம்பி இருந்தது. பக்கத்தில் மாற்றுத் துணி.

"சப்பாத்தை அங்கேயே கழற்று. தலைக்கு ஊத்திட்டுப் பின்கட்டு அறைக்குப் போ," என்றாள் நாகம்மா உள்ளிருந்து.

காலையில் போவதற்குக் குளித்தது போக, இனி வந்தபிறகு குளிக்க வேண்டுமா? அந்த இடம் சுத்தமா, அசுத்தமா? தன்னை மன்னித்தாயிற்றா, இல்லையா? ருக்மணி வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாகம்மா கொல்லைக் கதவுக்கு வந்தாள்.

"வெளிய வரும்போது அந்த சார் கை கழுவச் சொல்வாரா?"

"சொல்வாரும்மா. சோப்புப் போட்டுக் கழுவணும். அதுவும் ஒரு விதி."

"பார்த்தியா," என்றாள் நாகம்மா. "அது தீட்டு ஒட்டுற இடம்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு."

ருக்மணி தலையாட்டப் போனாள். பிறகு, போன முறை தலையாட்டியது நினைவுக்கு வந்து, சொம்பை எடுத்தாள்.