கஞ்சி குடித்த கார்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கஞ்சி வாசனையால் பிழைத்த ஒரு காரின் கதையைச் சொல்கிறேன்.

சிவகாசியில் வெடிக் கம்பெனி நடத்திய லட்சுமிகாந்தத்திடம் ஒரு பழைய கார் இருந்தது. அன்று விருதுநகரில் அவர் மகளுக்கு வளைகாப்பு. தாய்வீட்டு வளையல்கள் அவர் மனைவி சுப்புத்தாயின் மடியில் இருந்தன. உச்சிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

திருத்தங்கல் தாண்டுவதற்குள் கார் கொதித்துப்போய், டக்கு டக்கென்று இடித்து நின்றுவிட்டது. பக்கத்துப் பட்டறை சங்கையா வந்து பார்த்தார்.

“எஞ்சின் போச்சு மொதலாளி. இறக்கிப் பாக்க நாலு நாளாகும்.”

சுப்புத்தாய்க்கு அழுகை முட்டியது. அப்போதுதான் காரின் முன்பக்கத்திலிருந்து கிளம்பிய ஆவி அவள் மூக்கில் பட்டது. வெடிக்குழாய் ஒட்ட அவள் அன்றாடம் காய்ச்சுகிற மைதாப் பசையின் வாசனை!

“அண்ணே, எஞ்சின இறக்காதீக. ரேடியேட்டர்ல கஞ்சி காயுது.”

“வெடிக்காரக வீட்டுக் காரு கஞ்சியும் குடிக்குமா தாயி?” என்று சிரித்தார் சங்கையா. சூடு ஆறியதும் மூடியைத் திறந்தால், உள்ளே கூழாக நின்றது.

சுப்புத்தாய் கணவர் பக்கம் திரும்பினாள். “காலையில எந்த வாளித் தண்ணிய ஊத்துனீக?”

“கம்பெனி வாசல்ல இருந்துச்சே, அது.”

“அது பசை காய்ச்சக் கரைச்சு வச்ச மாவு! வெள்ளையா இருந்தது கண்ணுக்குத் தெரியலையாக்கும்?”

“நம்மூர்த் தண்ணி என்னைக்குத் தெளிஞ்சு இருந்துச்சு?”

சங்கையா வெந்நீரை ஊற்றி ஊற்றி, தெளிவாக வரும்வரை வடித்தார். பிறகு முடுக்கியதும் கார் இடிக்காமல் ஓடியது. உச்சி சாய்வதற்குள் மகளின் கை நிறைய வளையல் குலுங்கியது.

உங்கள் வீட்டிலும் அப்படியே வளையல் குலுங்கட்டும் கண்ணுகளா. கஞ்சி அடுப்பில் மட்டும் கொதிக்கட்டும்.