வெயிலை மறந்த பூ

கடலுக்குள் மூழ்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். அக்காள் தங்கையின் தாலியை நினைத்து மச்சான் கயிற்றை நழுவவிட மாட்டான் என்பது கோட்டைப்பட்டினக் கரையின் நம்பிக்கை. அடைக்கலமும் இருபது வருஷம் அப்படித்தான் சங்கு குளித்தார். வலது காது கிழிந்து, இனி மூழ்கினால் பிழைப்பதே அரிது என்றான பிறகுதான் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நம்பினார்.

அவர் ஆத்மநாதன், புதுக்கோட்டைப் பள்ளியொன்றின் விஞ்ஞான ஆசிரியர்.

"சோதனைக் கூடத்துக்கு ஒரு ஆள் எடுக்கப் போறாங்க, அண்ணே. இந்தச் சோதனை முடியட்டும், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கிட்ட ஒங்க பேரைச் சொல்றேன். இனிமே ஒங்க கயிறு என் கையில."

சோதனை இதுதான். இரண்டு கண்ணாடித் தொட்டிகள்; இரண்டிலும் அடைக்கலம் கடலிலிருந்து கல்லோடு பெயர்த்து வந்த கடற்சாமந்திகள். பெயர்தான் பூ, உண்மையில் அது பிராணி. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. ஆசிரியர் அதைக் கதை போலவே சொன்னார்: "வீட்டுக்காரன் இடம் குடுக்குறான். குடித்தனக்காரன் வெயிலை வாங்கிச் சமைச்சு, வீட்டுக்காரனுக்கும் ஒரு பங்கு போடுறான்."

ஒரு தொட்டி கிழக்கு ஜன்னலோரம் இருந்தது. மற்றொன்றைக் கறுப்புக் குடைத்துணியால் மூடினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடைக்கலம் குடங்களில் கடல்நீரை பஸ்ஸில் ஏற்றி வருவார். "கடலையே டவுனுக்குக் கடத்துறீகளே!" என்று கண்டக்டர் பெரியண்ணன் கேலி செய்வார்.

இரண்டு மாதத்தில் இருட்டுத் தொட்டியின் பூக்கள் வெளுத்துப்போயின. பாசியை உமிழ்ந்துவிட்டன. "சமைக்க முடியாத குடித்தனக்காரனை வீட்டுக்காரன் வெளியே தள்ளிட்டான்" என்றார் ஆசிரியர். அடைக்கலம் சிரித்தார்.

ஒரு காலை தண்ணீர் மாற்றும்போது அடைக்கலம் இரண்டு தொட்டிகளையும் ஒரே வெயிலில் வைத்தார். பாசி இருந்த ஜன்னலோரத் தொட்டியின் பழுப்புப் பூக்கள் மெல்ல விரிந்தன. மேலே துணியைப் பிடித்து நிழல் காட்டினார். சற்றுப் பொறுத்துச் சுருங்கின. துணியை எடுத்தார், மறுபடி விரிந்தன. வெள்ளைப் பூக்களோ அசையவே இல்லை. ஓர் இறால் துணுக்கைப் போட்டார், உடனே பற்றிக்கொண்டன.

"பாருங்க சார், உசுரு இருக்கு, பசியும் இருக்கு. வெயிலுதான் தெரியல. வெயில அறிஞ்சது பூவு இல்லீங்க, உள்ள இருந்த பாசி!"

ஆசிரியர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, அவர் கையை இறுகப் பற்றினார். "இது போதும் அண்ணே."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அடைக்கலம் வெளுத்த வேட்டி கட்டி, கேட்கும் காது முன்பக்கமாக இருக்கும்படி ஒதுங்கி நின்றார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே.

குறிப்பேட்டைப் படித்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அற்புதம்! இதைக் கவனிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"இவரு?"

"தண்ணி சுமக்குற ஆளு."

"கூடத்துக்கு ஆள் வேணும்னீங்களே?"

"என் மச்சான் ஆவுடையப்பன் இருக்கான், சார். நம்பிக்கையானவன்."

ஆழத்தில் மூச்சு முட்டிக் கயிற்றைச் சுண்டும்போது, மேலே பிடிக்க ஆளில்லாமல் கயிறு தளர்ந்து கையோடு வருவதுபோல் இருந்தது அடைக்கலத்துக்கு.

இன்ஸ்பெக்டர் போனதும் ஆத்மநாதன் அருகில் வந்தார். "மனசுல வச்சுக்காதீங்கண்ணே, வீட்டுல ஒரே பிடிவாதம். தண்ணி மட்டும் வழக்கம்போலக் கொண்டாந்துருங்க."

"ஒங்க மச்சானையே கொண்டாரச் சொல்லுங்க சார். கயிறு புடிக்கத்தான் அவுக இருக்காகளே."

அடைக்கலம் பழுப்புப் பூக்களைக் கல்லோடு எடுத்துக் குடத்துநீரில் இறக்கினார். வெள்ளைத் தொட்டியின் முன் கை தயங்கியது. இவற்றை இருட்டில் போட்டதில் தன் கையும் உண்டல்லவா? அவற்றையும் எடுத்தார். ஆசிரியர் தடுக்கவில்லை, குனிந்து குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் பெரியண்ணன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன அடைக்கலம், இன்னிக்குக் கடல் ஊருக்குத் திரும்புதா?"

"ஆமா. அங்கிட்டு வேலை முடிஞ்சுபோச்சு."

ஜன்னல் வழியே வெயில் குடத்துக்குள் விழுந்தது. பழுப்புப் பூ ஒன்று விரியத் தொடங்கியது. வெள்ளைப் பூ அப்படியே இருந்தது. அறந்தாங்கி தாண்டும்வரை அடைக்கலம் அந்த வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.